மூன்றாவது வரிசையைத் தள்ளினால் ஒன்பதாவதும் ஏன் தள்ளி நிற்கிறது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஐபோனுக்கு ஒரு புத்தக ஆப். முகப்பில் ஒரு டேபிள் வியூ (மேலும் கீழும் உருளும் பட்டியல்), அதில் இருபது வரிசை: புதிய வரவு, சிறுகதை, சமையல், சிறுவர் இலக்கியம் என்று போகிறது. ஒவ்வொரு வரிசைக்குள்ளும் புத்தக அட்டைகளைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கிற மாதிரி ஒரு கலெக்‌ஷன் வியூ. தொல்லை மூன்று. மூன்றாவது வரிசையைத் தள்ளிவிட்டுக் கீழே போனால் ஒன்பதாவது வரிசையும் தள்ளியே நிற்கிறது. வேகமாக உருட்டினால் சமையல் வரிசையில் நாவல் அட்டைகள் ஒரு கணம் தலைகாட்டிவிட்டு மறைகின்றன. சில வரிசைகளின் உயரம் கோணலாக வருகிறது, கன்சோலில் (நிரல் ஓடும்போது செய்திகள் வரும் சாளரம்) எச்சரிக்கையாகக் கொட்டுகிறது. "ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனி கலெக்‌ஷன் வியூ வைத்திருக்கிறேனே, ஒன்று ஏன் இன்னொன்றைத் தொடுகிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சிக்கல் அந்தக் கடைசி வரியிலேயே இருக்கிறது. ஒவ்வொரு வரிசைக்கும் தனி கலெக்‌ஷன் வியூ உங்களிடம் இல்லை.

டீக்கடையில் இருபது கிளாஸ் இருக்கும். காலை நேரத்தில் இருநூறு பேர் குடித்துவிட்டுப் போவார்கள். டேபிள் வியூ செய்வதும் அதைத்தான். திரையில் ஒரே நேரத்தில் நாலைந்து வரிசை தெரிந்தால், மொத்தமே ஆறேழு செல்தான் (ஒரு வரிசையைத் திரையில் காட்டும் பெட்டி) உருவாகும். மேலே வெளியேறுகிற செல், கீழே உள்ளே வருகிற வரிசைக்குக் கொடுக்கப்படும். கலெக்‌ஷன் வியூ செல்லுக்குள் இருப்பதால் அதுவும் கூடவே போகும். உங்கள் இருபது வரிசைக்கு உண்மையில் இருப்பது ஆறு கலெக்‌ஷன் வியூ. மூன்றாவது வரிசைக்குக் கொடுத்த கிளாஸ் ஒரு சுற்று சுற்றி ஒன்பதாவது வரிசைக்கு வந்திருக்கிறது, முன்னால் குடித்தவர் மிச்சம் வைத்த டீயோடு.

நம்பிக்கை வராவிட்டால் சோதித்துப் பாருங்கள், ஐந்து நிமிட வேலைதான். டேபிள் ஒரு வரிசைக்குச் செல் கேட்கும்போது ஓடும் செல் ஃபார் ரோ அட் முறைக்குள் வரிசை எண்ணையும் அந்தச் செல்லின் ஆப்ஜெக்ட் ஐடென்டிஃபையரையும் (நினைவகத்தில் அதன் முகவரி) அச்சிடுங்கள். மேலிருந்து கீழ்வரை மெதுவாக உருட்டினால் ஏழாவது எட்டாவது வரிசையிலிருந்து பழைய முகவரிகளே திரும்பத் திரும்ப வருவது தெரியும். இந்த வேலையில் புதிதாகச் சேருகிற யாருக்கும் நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். படித்துப் புரிவதற்கும் கண்ணால் பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

ஆக, செல் வேறு, வரிசை வேறு. செல் என்பது வாடகைக்கு வந்த பாத்திரம். வரிசைக்குச் சொந்தமான எதையும் அதில் விட்டுவைக்கக் கூடாது. சாதாரண டேபிளில் இந்தத் தவறு பெரிதாக உறுத்தாது. ஒரு தலைப்பும் படமும்தானே, ஒவ்வொரு முறையும் மேலெழுதிவிடுகிறோம். உள்ளே ஒரு கலெக்‌ஷன் வியூவை வைத்தவுடன் நிலைமை மாறிவிடுகிறது. பயன்படுத்துபவர் எதுவரை தள்ளினார், தள்ளிய வேகம் இன்னும் அடங்காமல் ஓடிக்கொண்டிருக்கிறதா, எந்த அட்டை தேர்வில் இருக்கிறது, எந்தப் படங்கள் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கின்றன என்று ஏகப்பட்டது செல்லோடு ஒட்டிக்கொள்கிறது. இவை எதையும் நீங்கள் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் இருக்கும்.

முதலில் உள் கலெக்‌ஷன் வியூவுக்கு டேட்டா சோர்ஸ், அதாவது எதைக் காட்ட வேண்டும் என்று பதில் சொல்பவர், யார் என்பதைத் தீர்மானித்துவிடுவோம். பழைய வழிகாட்டிகள் பலவற்றில் வியூ கன்ட்ரோலரே (முழுத் திரையையும் நிர்வகிக்கும் பகுதி) எல்லாவற்றுக்கும் டேட்டா சோர்ஸாக இருக்கும். கலெக்‌ஷன் வியூவின் டேக் என்ற எண்ணில் வரிசை எண்ணைப் போட்டுவைத்து, கேள்வி வரும்போது டேக்கைப் பார்த்துப் பதில் சொல்வார்கள். நானும் அப்படித்தான் செய்தேன், பட்டுத் தெளிந்தேன். ஒரு வாடிக்கையாளருக்காக எழுதிய ஆப்பில் 'அண்மையில் பார்த்தவை' என்ற வரிசை காலியானால் அதை நீக்கிவிடும்படி வைத்திருந்தேன். வரிசை நீங்கியதும் கீழே இருந்தவை எல்லாம் ஓர் இடம் மேலே ஏறின. ஆனால் திரையில் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த செல்களை டேபிள் திரும்பக் கேட்காது, நகர்த்தி மட்டும் வைக்கும். டேக் பழைய எண்ணிலேயே இருந்தது. ஒரு பொருளைத் தொட்டால் அடுத்த வரிசையில் இருக்கிற பொருள் திறந்தது. சோதனையில் யாருக்கும் அகப்படவில்லை, ஏனென்றால் சோதித்தவர்கள் யாரும் அந்த வரிசையைக் காலி செய்யவே இல்லை. வாடிக்கையாளரின் மனைவி கண்டுபிடித்தார்.

அதனால் என் பரிந்துரை: டேபிள் செல்லே உள் கலெக்‌ஷன் வியூவின் டேட்டா சோர்ஸாகவும் டெலிகேட்டாகவும் (தொடுதல், உருட்டல் போன்ற செய்திகளைப் பெறுபவர்) இருக்கட்டும். அந்தச் செல்லிடம் இரண்டைக் கொடுங்கள்: காட்ட வேண்டிய புத்தகங்களின் பட்டியல், அந்த வரிசையின் நிலையான ஐடி. ஐடி என்றால் வரிசை எண் இல்லை. 'சமையல்' என்ற பிரிவுக்கு உங்கள் சர்வரோ மாடலோ கொடுத்த, இடம் மாறினாலும் மாறாத அடையாளம். அட்டையைத் தொட்டால் செல் வெளியே சொல்ல வேண்டியது புத்தகத்தின் ஐடியை. உள் இண்டெக்ஸ் பாத்தை, அதாவது அட்டையின் இட எண்ணை, வெளியே அனுப்பவே அனுப்பாதீர்கள். உள்ளே ஓர் இண்டெக்ஸ் பாத், வெளியே ஓர் இண்டெக்ஸ் பாத் என்று இரண்டும் ஒரே பெயரில் திரியும் நிரலில் குழப்பம் வராமல் போனால்தான் ஆச்சரியம். வெளியே சொல்வதற்கு குளோஷர் (பிறகு ஓடும்படி கொடுத்துவைக்கும் நிரல் துண்டு) வைத்தால் கன்ட்ரோலரை வீக்காக, அதாவது நினைவகத்தில் கட்டிவைக்காதபடி, பிடியுங்கள், இல்லையென்றால் திரை மூடிய பிறகும் மொத்தமும் நினைவகத்தில் உட்கார்ந்திருக்கும்.

உள் செல்லை ரெஜிஸ்டர் செய்வது, லேஅவுட்டை (அட்டைகளை அடுக்கும் விதி) உருவாக்குவது எல்லாம் டேபிள் செல் பிறக்கும்போது ஒரே ஒரு முறை. இதையும் செல் ஃபார் ரோவுக்குள் எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு வரிசை உள்ளே வரும்போதும் புது லேஅவுட் பிறந்து பழையது செத்துக்கொண்டிருக்கும்.

இப்போது உங்கள் முதல் தொல்லைக்கு வருவோம், தள்ளிய இடத்தை நினைவில் வைப்பது. கான்செப்ட் சுலபம். கன்ட்ரோலரில் ஒரு டிக்‌ஷனரி: வரிசை ஐடி சாவி, கன்டென்ட் ஆஃப்செட் (எவ்வளவு தள்ளப்பட்டது என்ற அளவு) மதிப்பு. செல் வெளியேறும்போது எழுதி வை, உள்ளே வரும்போது எடுத்துப் போடு. இதை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். எழுதும்போதுதான் நாலு இடத்தில் கால் இடறும்.

ஒன்று, எழுதி வைக்கும் இடம். செல் திரையை விட்டுப் போனதும் டேபிள் அழைக்கும் டிட் எண்ட் டிஸ்ப்ளேயிங் அதற்குச் சரியான இடம். ஆனால் அது கையில் தருகிற இண்டெக்ஸ் பாத்தை நம்ப வேண்டாம். வரிசை நீக்கப்பட்டதாலோ டேபிள் முழுதும் ரீலோட் ஆனதாலோ செல் வெளியேறுகிறது என்றால், அந்த இண்டெக்ஸ் பாத் குறிக்கும் இடத்தில் உங்கள் மாடலில் இப்போது வேறு வரிசை இருக்கலாம், எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். பட்டியலின் எல்லையைத் தாண்டி ஆப் விழுந்துவிடும். செல்லிடமே கேளுங்கள், 'நீ இதுவரை எந்த வரிசைக்கு வேலை செய்தாய்' என்று. அந்த ஐடியைத்தான் ஏற்கெனவே கொடுத்துவைத்திருக்கிறோமே.

இரண்டு, ஓடிக்கொண்டிருக்கும் வேகம். விரலால் வேகமாகப் பக்கவாட்டில் வீசிவிட்டு உடனே கீழே உருட்டினால், உள் கலெக்‌ஷன் வியூ இன்னும் வேகம் குறைந்தபடி ஓடிக்கொண்டே திரையை விட்டு வெளியேறும். அதே பாத்திரம் அடுத்த வரிசைக்குப் போகும்போது அந்த ஓட்டமும் கூடப் போகும். யாரும் தொடாத வரிசை தானாக நகரும், பேய் பிடித்தது போல. செல் வெளியேறும்போது ஆஃப்செட்டை எழுதிவைத்த கையோடு, அதே ஆஃப்செட்டை அனிமேஷன் இல்லாமல் அதற்கே செட் செய்துவிடுங்கள். ஓட்டம் நின்றுவிடும்.

மூன்று, திரும்பப் போடும் நேரம். இதில்தான் அதிக நேரத்தை இழப்பீர்கள். ரீலோட் டேட்டா என்று அழைத்தவுடன் எதுவும் நடந்துவிடாது. 'அடுத்த லேஅவுட்டில் எல்லாவற்றையும் புதிதாகக் கேட்டுக்கொள்' என்று குறித்து வைப்பது மட்டும்தான் அது. கன்டென்ட் சைஸ் (உள்ளடக்கத்தின் மொத்த அளவு) இன்னும் பழைய வரிசையுடையது. அந்த நேரத்தில் ஆஃப்செட்டைப் போட்டால், லேஅவுட் ஓடி முடிந்ததும் அது வேறு எங்காவது நிற்கும், பெரும்பாலும் பூஜ்யத்தில். எனவே செய்ய வேண்டிய முறை இது: பட்டியலைக் கொடு, ரீலோட் செய், லேஅவுட் இஃப் நீடட் (லேஅவுட்டை உடனே முடிக்கச் சொல்வது) அழை, பிறகு ஆஃப்செட். இதைச் செல் ஃபார் ரோவில் செய்யாமல் செல் திரைக்கு வரப்போகும்போது ஓடும் வில் டிஸ்ப்ளேயில் செய்வது நல்லது. செல் ஃபார் ரோ ஓடும்போது செல்லின் அகலம் ஸ்டோரிபோர்டில் வரைந்த அகலமாகவே இருக்கலாம். வில் டிஸ்ப்ளே வருவதற்குள் உண்மையான அளவு வந்துவிடும். போடும்போது ஓர் உச்சவரம்பும் வையுங்கள்: கன்டென்ட் அகலத்திலிருந்து கலெக்‌ஷன் வியூவின் அகலத்தைக் கழித்தது, இன்செட் (ஓர இடைவெளி) இருந்தால் அதையும் கூட்டி. இடைப்பட்ட நேரத்தில் சர்வரிலிருந்து வந்த பட்டியல் சுருங்கியிருந்தால், பழைய ஆஃப்செட் வெறும் வெளியைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

நான்கு, தொடர்ந்து எழுதுபவர்களுக்கு. டிட் எண்ட் டிஸ்ப்ளேயிங் வரை காத்திருக்காமல், ஸ்க்ரோல் வியூ டிட் ஸ்க்ரோலில் ஒவ்வொரு அசைவுக்கும் டிக்‌ஷனரியில் எழுதுகிறவர்கள் உண்டு. தவறில்லை, ஆனால் ஒரு குழி இருக்கிறது. நாற்பது புத்தகம் இருந்த வரிசையின் பாத்திரம் ஐந்து புத்தகம் உள்ள வரிசைக்கு வந்தால், கன்டென்ட் சுருங்கியதால் ஸ்க்ரோல் வியூ தன் ஆஃப்செட்டைத் தானே இழுத்துக்கொள்ளும். அந்த இழுப்பும் ஓர் அசைவாகவே டெலிகேட்டுக்கு வரும். அதற்குள் புது ஐடியைச் செல்லுக்குக் கொடுத்துவிட்டிருந்தால், பயன்படுத்துபவர் தொடவே தொடாத வரிசையின் பேரில் ஒரு பொய்க் கணக்கு ஏறிவிடும். செல் அடுத்த வரிசைக்குத் தரப்படும் முன் ஓடும் பிரிப்பேர் ஃபார் ரீயூஸில் ஐடியை வெறுமையாக்கி, ஆஃப்செட்டைப் போட்டு முடித்த பிறகே புது ஐடியைக் கொடுத்தால் இது வராது.

ஐடியை வெறுமையாக்குவதற்கு ஏன் பிரிப்பேர் ஃபார் ரீயூஸ், டிட் எண்ட் டிஸ்ப்ளேயிங்கிலேயே முடித்துவிடலாமே என்று தோன்றும். ஐஓஎஸ் 15லிருந்து செல்கள் முன்கூட்டியே தயாரிக்கப்படுகின்றன. வெளியேறிய செல்லைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்து, பயனர் உடனே மேலே திரும்பினால் அதையே மறுபடி காட்டவும் செய்யும். அப்போது செல் ஃபார் ரோ ஓடாது, நேராக வில் டிஸ்ப்ளே. ஐடியை முன்கூட்டியே துடைத்திருந்தால் அந்தச் செல் பேர் தெரியாத அநாதையாகத் திரையில் நிற்கும். வேறு வரிசைக்குப் போகும்போதுதான் பிரிப்பேர் ஃபார் ரீயூஸ் ஓடும் என்பதால் அதுதான் பாதுகாப்பான இடம்.

இரண்டாவது தொல்லை, சமையல் வரிசையில் நாவல் அட்டைகள். இதுவும் மிச்ச டீதான், ஆனால் இரண்டு அடுக்கில். டேபிள் செல் மறுசுழற்சி ஆகிறது. அதற்குள் இருக்கும் கலெக்‌ஷன் வியூவின் செல்களும் தனியே மறுசுழற்சி ஆகின்றன. படம் இறங்கி வருவதற்குள் அந்த உள் செல் வேறொரு புத்தகத்துக்குப் போயிருக்கும். வந்த படம் கண்ணை மூடிக்கொண்டு அதன் மேல் உட்காரும். உள் செல்லின் பிரிப்பேர் ஃபார் ரீயூஸில் பழைய படத்தை எடுத்துவிடுங்கள், இறங்கிக்கொண்டிருக்கும் வேலையை ரத்து செய்யுங்கள். அது மட்டும் போதாது. ரத்து சொன்ன நேரத்தில் படம் ஏற்கெனவே வந்து மெயின் கியூவில் (திரை வேலைகள் தம் முறைக்குக் காத்திருக்கும் இடம்) காத்திருக்கலாம். எனவே படத்தை வைக்கும் வரிக்கு முன்னால், 'இந்தச் செல் இன்னும் இதே புத்தக ஐடியோடுதான் இருக்கிறதா' என்று ஒரு வரி.

படங்களைப் பற்றிப் பேசும்போதே ஒரு கணக்கு. பதிப்பகத்திலிருந்து வருகிற அட்டைப் படம் 3000க்கு 4500 பிக்சல் என்று வையுங்கள். கோப்பாக அது சிறியதாக இருக்கலாம், திரையில் காட்டுவதற்கு விரித்தால் ஒரு பிக்சலுக்கு 4 பைட் வீதம் 54 எம்பி. நீங்கள் காட்டப்போவதோ 110க்கு 165 பாயின்ட். ஒரு பாயின்ட்டுக்கு மூன்று பிக்சல் உள்ள 3எக்ஸ் திரையில் 330க்கு 495 பிக்சல், முக்கால் எம்பிகூட இல்லை. ஒரே நேரத்தில் திரையில் இருபது அட்டை தெரியும் வடிவமைப்பில் இந்த வித்தியாசம்தான் ஆப் ஓடுமா விழுமா என்பதைத் தீர்மானிக்கும். ஐஓஎஸ் 15லிருந்து யூஐஇமேஜிலேயே சிறுபடம் தயாரிக்கும் முறைகள் இருக்கின்றன, பின்னணியில் வேலையை முடித்துத் தருபவையும் உண்டு. பலர் 'உள்ளே கலெக்‌ஷன் வியூ வைத்ததால் உருட்டும்போது திக்குகிறது' என்று முறையிடுவதில் பாதிக்குமேல் இந்தப் படம் விரிக்கும் வேலைதான் என்பது என் அனுபவம். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்கு உங்களுக்குக் கிடைப்பது 16.7 மில்லிசெகண்ட், 120 ஹெர்ட்ஸ் உள்ள மாடல்களில் 8.3. அதற்குள் ஒரு வரிசை உள்ளே வந்தால் அதோடு நாலைந்து அட்டைகளும் ஒரேயடியாகப் பிறக்கின்றன என்பதை மறக்க வேண்டாம்.

மூன்றாவது தொல்லை, உயரம். பக்கவாட்டில் ஓடும் வரிசைக்கு உயரத்தை நீங்களே சொல்லிவிடுங்கள். கலெக்‌ஷன் வியூ தன் உள்ளடக்கத்தின் உயரத்தை ஆட்டோ லேஅவுட்டுக்கு (விதிகளை வைத்து அளவுகளைக் கணக்கிடும் அமைப்பு) தானாகச் சொல்லாது. ஸ்க்ரோல் ஆகக்கூடிய பொருள் அது, எந்தச் சட்டத்திலும் அடங்கிக்கொள்ளும். வரிசை உயரத்தை அதுவே கணக்கிடட்டும் என்று டேபிளை ஆட்டோமேட்டிக் டைமென்ஷனில் விட்டுவிட்டு, உள்ளே கலெக்‌ஷன் வியூவுக்கு உயரக் கன்ஸ்ட்ரெயின்ட் (அளவு விதி) போடாமல் இருந்தால், வரிசை சுருங்கிப் போவது இதனால்தான். உங்கள் கன்சோலில் வருகிற 'ஃப்ளோ லேஅவுட்டின் நடத்தை வரையறுக்கப்படவில்லை, ஐட்டத்தின் உயரம் கலெக்‌ஷன் வியூவின் உயரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும்' என்ற எச்சரிக்கைக்கும் காரணம் அதுவே: முதல் லேஅவுட்டில் செல் 44 பாயின்ட் உயரத்தில் பிறக்கிறது, நீங்கள் 209 பாயின்ட் அட்டையை அதில் திணிக்கச் சொல்கிறீர்கள். உயரக் கன்ஸ்ட்ரெயின்டைப் போட்டு அதன் முன்னுரிமையை 999 ஆக வையுங்கள். ஆயிரமாக வைத்தால் டேபிள் தற்காலிகமாகப் போடும் தன் சொந்த உயரக் கன்ஸ்ட்ரெயின்டோடு மோதி, அதற்குத் தனியாக ஒரு பக்க எச்சரிக்கை வரும்.

அந்த 209 எப்படி வந்தது என்றால், அட்டை 165, கீழே இரண்டு வரித் தலைப்புக்கு 44. ஆனால் இந்த 44ஐ நிலையாக எழுதிவிடாதீர்கள். உங்கள் ஆப் தமிழ்ப் புத்தகங்களுக்கானது. 110 பாயின்ட் அகலத்தில் தமிழ்ச் சொல் ஒன்றே ஒரு வரியை அடைத்துக்கொள்ளும். ஆங்கிலத் தலைப்பை வைத்து வரைந்த டிசைனில் தமிழ்த் தலைப்பு பெரும்பாலும் ஒரு வரி கூடுதலாகக் கேட்கும். வரி உயரத்தை இறுக்கினால் 'கூ', 'ணு' போன்றவற்றின் கீழ்ச்சுழியும் 'கீ'யின் மேல்சுழியும் வெட்டுப்படும். அமைப்புகளில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவர்களுக்கு இன்னும் மோசம், வயதானவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். யூஐஃபான்ட் மெட்ரிக்ஸ் கொண்டு 44ஐப் பயனரின் எழுத்தளவுக்கு ஏற்பப் பெருக்கி உயரத்தைக் கணக்கிடுங்கள். எழுத்தளவு மாறியதும் கன்ஸ்ட்ரெயின்டைப் புதுப்பித்து லேஅவுட்டை இன்வாலிடேட் செய்யுங்கள், அது மறுபடி கணக்கிடும்.

பக்கவாட்டிலேயே இரண்டடுக்கு கிரிட் வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். ஃப்ளோ லேஅவுட்டில் (அட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக நிரப்பும் வழக்கமான லேஅவுட்) திசையைக் கிடைமட்டமாக்கினால் அது மேலிருந்து கீழாக நிரப்பும்: முதல் புத்தகம் மேலே, இரண்டாவது அதற்குக் கீழே, மூன்றாவது அடுத்த பத்தியில் மேலே. 'புத்தகங்கள் முறை மாறி வருகின்றன' என்று பிழை தேடி அலைய வேண்டாம், அதன் இயல்பே அது. இடைவெளிகளின் பொருளும் திரும்பிவிடும். லைன் ஸ்பேசிங் என்பது இப்போது பத்திகளுக்கு நடுவே, இன்டர் ஐட்டம் ஸ்பேசிங் என்பது மேல் அட்டைக்கும் கீழ் அட்டைக்கும் நடுவே.

உள் கிரிட் செங்குத்தாகவும் ஓடட்டும் என்று நினைத்தால், தயவுசெய்து வேண்டாம். செங்குத்து டேபிளுக்குள் செங்குத்தாக உருளும் கிரிட் வைத்தால், விரல் எதை உருட்ட நினைத்தது என்பது விரலுக்குச் சொந்தக்காரருக்கே தெரியாது. உள்ளே இருப்பது முதலில் பிடித்துக்கொள்ளும். திரை முழுக்க அந்த கிரிட் நிறைந்துவிட்டால் வெளி டேபிளை உருட்ட இடமே இருக்காது. பலரும் எடுக்கும் மாற்றுவழி, உள் கிரிட்டின் உருட்டலை அணைத்துவிட்டு, அதன் இன்ட்ரின்சிக் கன்டென்ட் சைஸை (தனக்கு வேண்டும் என்று அது சொல்லும் அளவு) லேஅவுட்டின் மொத்த அளவாகத் திருப்பி எழுதி, வரிசையை அந்த உயரத்துக்கு விரியச் செய்வது. எட்டுப் புத்தகம் மூன்று பத்தியில் என்றால் மூன்றடுக்கு, 12 பாயின்ட் இடைவெளியோடு 651 பாயின்ட், வேலை செய்யும். முந்நூறு புத்தகம் என்றால்? கலெக்‌ஷன் வியூ தன் சட்டத்துக்குள் தெரிகிற எல்லாச் செல்லையும் உருவாக்கும். சட்டமே முழு உயரம் என்பதால் முந்நூறும் பிறக்கும். திரையில் தெரிவது பன்னிரண்டு. மறுசுழற்சிக்காகவே உருவான ஒரு பொருளை வாங்கி, மறுசுழற்சியை நாமே கழற்றி எறிந்த கதை. சிறிய, எண்ணிக்கை தெரிந்த கிரிட்டுக்கு மட்டும் அந்த வழி.

சின்னதாகச் சில. உள் கலெக்‌ஷன் வியூக்கள் எல்லாவற்றிலும் ஸ்க்ரோல்ஸ் டு டாப் என்பதை அணைத்துவிடுங்கள். ஐபோனில் ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்க்ரோல் வியூ அதற்கு 'ஆம்' சொன்னால், மேலே நேரம் காட்டும் இடத்தைத் தட்டினால் உச்சிக்குப் போகும் வசதி வேலையே செய்யாது. டேபிள் செல்லின் செலக்‌ஷன் ஸ்டைலை நன் ஆக்குங்கள், அட்டைகளுக்கு நடுவே உள்ள சந்தில் விரல் பட்டால் மொத்த வரிசையும் சாம்பலாக மின்ன வேண்டாம். கலெக்‌ஷன் வியூவைச் செல்லின் கன்டென்ட் வியூவுக்குள் சேருங்கள், செல்லோடு நேரடியாகச் சேர்த்தால் கன்டென்ட் வியூ அதன் மேல் படுத்துக்கொண்டு தொடுதலை விழுங்கிவிடும். ஒரு வரிசையின் பட்டியல் மட்டும் மாறியிருந்தால் டேபிளின் அந்த வரிசையை ரீலோட் செய்யாதீர்கள். அந்தச் செல் திரையில் இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் அதனிடமே புதுப் பட்டியலைக் கொடுங்கள். மின்னலும் இருக்காது, ஆஃப்செட்டும் போகாது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாவிட்டால் நேர்மையாக இருக்காது. இன்று புதிதாகத் தொடங்குவதாக இருந்தால் நான் டேபிள் வியூவையே எடுக்க மாட்டேன்.

டேபிள் வியூ முதல் ஐபோன் எஸ்டிகே (ஆப் எழுதும் கருவித்தொகுப்பு) காலத்திலிருந்தே, அதாவது 2008லிருந்து இருக்கிறது. கலெக்‌ஷன் வியூ வந்தது 2012இல், ஐஓஎஸ் 6ஓடு. அதற்கு முன்னால் இதே வடிவமைப்பைச் செய்ய, ஒரு டேபிளைத் தொண்ணூறு டிகிரி திருப்பி இன்னொரு டேபிளின் செல்லுக்குள் படுக்க வைப்போம். உள்ளே இருக்கும் படங்களை எதிர்ப்பக்கம் திருப்பி நிமிர்த்துவோம். அதோடு ஒப்பிட்டால் உங்கள் நிரல் சொர்க்கம். 2019இல் ஐஓஎஸ் 13 காம்போசிஷனல் லேஅவுட்டைக் கொண்டுவந்தது. ஒரே கலெக்‌ஷன் வியூ. ஒவ்வொரு வரிசையும் அதில் ஒரு செக்‌ஷன். அந்த செக்‌ஷனுக்கு ஆர்த்தோகனல் ஸ்க்ரோலிங் பிஹேவியர் என்று ஒரே ஒரு வரி எழுதினால், பக்கவாட்டில் தானாக ஓடும். தொடர்ச்சியாக ஓட வேண்டுமா, ஒவ்வொரு பக்கமாக நிற்க வேண்டுமா, நடுவில் வந்து நிற்க வேண்டுமா என்பதையும் அதிலேயே சொல்லிவிடலாம். இரண்டடுக்கு கிரிட் என்றால் ஒரு செங்குத்து குரூப்புக்குள் இரண்டு ஐட்டம். நிலையான உயரத்துக்குப் பதில் எஸ்டிமேட்டட் உயரம் கொடுத்தால் தமிழ்த் தலைப்புக்கு ஏற்ப அட்டையே நீளும்.

எனக்கு இதில் பிடித்தது நிரல் குறைவது அல்ல. டேபிளுக்குள் ஆறு கலெக்‌ஷன் வியூ இருக்கும்போது ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மறுசுழற்சிக் கையிருப்பு. ஒன்றில் சும்மா கிடக்கும் அட்டையை மற்றொன்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆண்ட்ராய்டில் ரீசைக்ளர் வியூ எழுதியவர்களுக்குத் தெரியும், அங்கே உள் பட்டியல்கள் எல்லாம் ஒரே ரீசைக்கிள்டு வியூ பூலைப் பகிர்ந்துகொள்ளலாம். ஐஓஎஸ்ஸில் உள்ளே உள்ள கலெக்‌ஷன் வியூக்களுக்கு அப்படி ஒரு வசதி இல்லை. காம்போசிஷனலில் எல்லா அட்டையும் ஒரே கலெக்‌ஷன் வியூவுக்குச் சொந்தம் என்பதால் அந்தப் பகிர்வு தானாகவே வந்துவிடுகிறது. உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று இரண்டு இண்டெக்ஸ் பாத்தும் இல்லை; செக்‌ஷன் எண்ணும் ஐட்டம் எண்ணும் ஒரே இண்டெக்ஸ் பாத்தில். கூடவே டிஃபபிள் டேட்டா சோர்ஸ் (எது மாறியது என்பதை ஐடி பார்த்துத் தானே கண்டுபிடிப்பது) வைத்தால், நான் மேலே புலம்பிய 'நிலையான ஐடி' விஷயத்தை அது கட்டாயமாகவே உங்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

குறை இல்லாமல் இல்லை. பக்கவாட்டில் ஓட்டும் ஸ்க்ரோல் வியூவை ஆப்பிள் நம் கையில் தருவதில்லை. பக்கவாட்டில் தள்ளும்போது ஸ்க்ரோல் வியூ டிட் ஸ்க்ரோல் வராது. எவ்வளவு தள்ளப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் விசிபிள் ஐட்டம்ஸ் இன்வாலிடேஷன் ஹேண்ட்லர் என்ற பின்வாசல் வழியாகத்தான் பார்க்க வேண்டும். பேஜ் கன்ட்ரோல் புள்ளிகள், தானாக நகரும் விளம்பரப் பட்டை போன்றவற்றுக்கு இது எரிச்சலான வேலை. அந்த மாதிரி ஒரு வரிசைக்கு மட்டும் பழைய முறையில் செல்லுக்குள் ஒரு தனி கலெக்‌ஷன் வியூவை வைத்துவிட்டு, மற்றவற்றை ஆர்த்தோகனலில் விடுவது என் வழக்கம். கலந்து வைப்பதில் தீட்டு ஒன்றும் இல்லை.

ஆப்பிளின் புதிய திரை எழுதும் முறையான ஸ்விஃப்ட் யூஐயில் எழுதினால் செங்குத்து ஸ்க்ரோல் வியூவுக்குள் லேசி வி ஸ்டாக், அதற்குள் கிடைமட்ட ஸ்க்ரோல் வியூவும் லேசி எச் ஸ்டாக்கும். எழுதப் பத்து நிமிடம்.

உங்கள் ஆப் ஏற்கெனவே ஆப் ஸ்டோரில் இருக்கிறது, அடுத்த வாரம் புது வெர்ஷன் என்று சொல்லியிருப்பதால், இப்போதைக்கு டேபிளைக் கலைக்க வேண்டாம். செல்லுக்கு ஐடி கொடுப்பது, ஆஃப்செட் டிக்‌ஷனரி, படத்தை வைக்கும் முன் ஐடி சரிபார்ப்பு, 999 உயரம்: இந்த நான்கையும் போடுங்கள், ஒரு மாலை வேலை. போட்டுவிட்டு, மூன்றாவது வரிசையை நடுவரை தள்ளி, ஐந்தாவதை வேகமாக வீசிவிட்டு, அது நிற்பதற்குள் அடிவரை உருட்டி மேலே திரும்புங்கள். மூன்றாவது நடுவிலும், ஐந்தாவது திரையை விட்டுப் போனபோது இருந்த இடத்திலும் நிற்க வேண்டும். அதன் பிறகும் மேலே திரும்பும்போது டேபிளே ஒரு குதி குதித்தால், எஸ்டிமேட்டட் ரோ ஹைட் (வரிசை உயரத்துக்கான உத்தேச மதிப்பு) உண்மையான உயரத்திலிருந்து வெகுதூரம் விலகியிருக்கிறது என்று பொருள். வரிசைத் தலைப்பையும் சேர்த்து வரும் உண்மையான உயரத்தை அதற்குக் கொடுத்துப் பாருங்கள்.